கூடப் போனவள்

1986 ஆகஸ்ட் மாதம் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். கனடாவில் பலர் எங்களைப் பற்றி முதன்முதலில் கேள்விப்பட்டது அந்தச் செய்தியால்தான். அவர்களில் பலர் மொன்றியலுக்கும் ரொறொன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்கள். நான் அதற்கு அடுத்த ஆண்டு விமானத்தில் வந்தேன். வந்து இறங்கியது மொன்றியலில் அவர்களில் பலர் இருந்த அதே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில். பார்க்ளே, பிளமொண்டொன், லின்ரன், கூர்த்ரே தெருக்களில் வரிசையாக நிற்கும் செங்கல் கட்டடங்களில் ஒன்று. இங்கே 'மூன்றரை' என்று சொல்லும் வீடு: படுக்கையறை, கூடம், குசினி மூன்று, குளியலறை அரை. அதற்குள் இரண்டு குடும்பங்கள் இருந்தோம்.

குடிவரவாளருக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த 'கோஃபி' நிலையத்துக்கு நான் போனேன். என் வயதுப் பெண்கள் பலருக்கு அது வாய்க்கவில்லை. சபானெல் தெருத் தையல் பக்ரறிகளில் துண்டுக் கணக்கில் கூலி. அதை விட்டுவிட்டு வகுப்பில் போய் இருக்க, கனடாவுக்குக் கூட்டிவந்த ஏஜென்சிக்குப் பட்ட கடன் விடாது, பிள்ளைகளும் விடாது. நான் படிக்க முடிந்ததற்குக் காரணம் என் கெட்டித்தனம் இல்லை. எனக்குப் பிள்ளை இல்லை.

அதனால் கட்டடத்தில் யாருக்கு என்ன நடந்தாலும் தட்டப்படுவது என் கதவுதான். வீட்டுக்காரனின் கடிதம், மின்சார பில், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தாள், அகதிக் கேசுக்கு வரச்சொல்லி வந்த அறிவித்தல். பிறகு மற்றது. மற்றதைச் சொல்ல வருகிறவர்கள் கையில் எதையாவது கொண்டுவருவார்கள், ஒரு கிண்ணம் சம்பல், அல்லது இரவல் வாங்கிய சுளகு. தேத்தண்ணி ஆறும்வரை வேறு எல்லாம் கதைப்பார்கள். எழும்பும்போதுதான் வரும். "அக்கா, நாள் தள்ளிப் போட்டுது." கொஞ்சம் பொறுத்து, "வச்சிருக்கேலாது."

அவர்களோடு நான் போனேன். பல ஆண்டுகள் போனேன். இங்கே பெயர்கள் எதுவும் இல்லை, அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். இதில் பெரிய பங்கு யாருடைய கதையோ, அவர் "எழுதுங்கோ, பேர் மட்டும் போடாதேங்கோ" என்று சொன்ன பிறகே எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணக் கரையோரக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். கருவில் இருக்கும் உயிர் ஆண்டவருடையது என்று முழந்தாளில் இருந்து படித்தவள். கலியாணம் முடித்துப் பல ஆண்டுகள் பிள்ளைக்காக மன்றாடியவள். எங்கள் தெருக்களுக்கு மேலே, குவீன் மேரி வீதியில், புனித சூசையப்பர் திருத்தலம் பச்சைக் கூரையோடு நிற்கிறது. அதன் நடுவில் உள்ள 99 மரப்படிகள் முழந்தாளில் ஏறுகிறவர்களுக்கு ஒதுக்கப்பட்டவை. சைவப் பெண்களும் அங்கே ஏறுவார்கள். நேர்த்திக்குச் சமயம் பார்க்கிற வழக்கம் எங்கள் ஊரிலும் இருந்ததில்லை. அந்தப் படிகளில் நான் பிள்ளை கேட்டு ஏறினேன். அதே கிழமையில் இன்னொருத்தியோடு கிளினிக்குக்கும் போனேன். கணவரின் அக்கா, என் மச்சாள், என் முகத்துக்கு நேரே கேட்டார்: "ஆண்டவர் உனக்குத் தரேல்லை. வேண்டாம் எண்டுறவளவைக்குக் குடுக்கிறார். நீயே அவளவையைக் கூட்டிக்கொண்டு போறாய். உனக்கு நெஞ்சு நோகேல்லையே?"

நொந்தது. ஆனாலும் போனேன். தொடக்கத்தில் என்னிடம் கொள்கை என்று ஒன்றும் இருக்கவில்லை. ஒருத்தி அந்தக் கதவுக்குள் தனியாகப் போகக்கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. கொள்கை பிறகு வந்தது. 161 ஆம் இலக்கப் பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர்கள் சொன்னவற்றைக் கேட்டுக் கேட்டு வந்தது.

பிரெஞ்சுப் படிப்பு முடிந்ததும் நானும் பக்ரறிக்குத்தான் போனேன். 1989 கோடை முழுக்க அங்கே ரேடியோவில் ஒரே பெயர்: சந்தால் டேய்க்ள். வடக்கே சிபுகமோவைச் சேர்ந்த 21 வயதுப் பெண். கலியாணம் செய்யவிருந்தவன் அடித்துக் கொடுமைப்படுத்தியதால் அவனை விட்டு விலகியபோது வயிற்றில் நாலு மாதத்துக்கு மேல். கருவைக் கலைக்கக்கூடாது என்று அவன், ஜோன்-கீ ட்ரம்பிளே, நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்டான். கொடுத்தார்கள். கியூபெக் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 3க்கு 2 என்று அதை உறுதிசெய்தது. மொன்றியல் தெருக்களில் ஆயிரக்கணக்கில் பெண்கள் இறங்கினார்கள். ஆகஸ்ட் 8 ஆம் திகதி, கோடை விடுமுறையைக் குறுக்கி உச்ச நீதிமன்றம் கூடியிருந்தபோது, வழக்கறிஞர் எழுந்து சொன்னார்: அவள் ஏற்கனவே பொஸ்ரனுக்குப் போய்க் கருவைக் கலைத்துவிட்டாள். நீதிமன்றம் ஆனாலும் வழக்கைக் கேட்டு முடித்து, அன்றைக்கே ஒருமனதாகத் தடையை நீக்கியது. தகப்பன் என்ற உரிமையில் ஒரு ஆண் அந்தப் பெண்ணின் முடிவைத் தடுக்க முடியாது என்று அதற்கான காரணங்களை நவம்பரில் எழுதியது.

எனக்குப் பக்கத்து மெஷினில் வயதான கியூபெக்காரி ஒருத்தி இருந்தார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். அவர்தான் எனக்கு முன்கதையைச் சொன்னவர். 1969 க்கு முன் கருக்கலைப்புக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 1969 இல் வந்த திருத்தம் ஆஸ்பத்திரிகளில் டொக்டர்கள் குழு ஒன்று கூடி, பெண்ணின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்று சொன்னால் மட்டும் அனுமதித்தது. பல ஆஸ்பத்திரிகளில் அந்தக் குழுவே இல்லை. காசுள்ளவள் அமெரிக்கா போனாள், மற்றவள் பின்னல் ஊசியைத் தேடினாள். போலந்தின் யூதக் குடும்பமொன்றில் பிறந்து, அவுஷ்விற்ஸிலும் டாஹாவிலும் உயிர்தப்பி, 1950 இல் மொன்றியலுக்கு வந்த டொக்டர் ஹென்றி மோர்கென்ரேலர் இந்த நகரில் வெளிப்படையாகக் கிளினிக் நடத்தினார். வழக்குக்கு மேல் வழக்கு. மூன்று முறை கியூபெக் ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்றன. முதல் விடுதலையை மேல்நீதிமன்றம் குற்றத்தீர்ப்பாகப் புரட்டியதால் அவர் பத்து மாதம் சிறையில் இருந்தார். ஜூரி விடுவித்தவரை மேல்நீதிமன்றம் அப்படிக் குற்றவாளியாக்க முடியாது என்று பிறகு நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தியது. கடைசியில் 1988 ஜனவரி 28 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அந்தக் குழுச் சட்டத்தையே செல்லாது என்றது. "அந்த ஜூரியில இருந்தவை ஆர் தெரியுமா?" என்ற பொருளில் அந்தக் கியூபெக்காரி பிரெஞ்சில் கேட்டார். "என்னைப் போல ஆக்கள். பூசைக்குப் போறவை. வீட்டில அக்கா தங்கச்சி இருக்கிறவை."

1989 டிசம்பர் 6 மாலை, எங்கள் வீடுகளிலிருந்து நடந்து போகிற தூரத்தில், மலைச்சரிவில் இருக்கும் எக்கோல் பொலிரெக்னிக் என்ற பொறியியல் கல்லூரிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு போனான். ஒரு வகுப்பில் ஆண்களை வேறாகவும் பெண்களை வேறாகவும் பிரித்து, பெண்ணியவாதிகளை வெறுக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சுட்டான். 14 பெண்கள் செத்தார்கள். போரிலிருந்து ஓடிவந்த எங்களுக்குச் சைரன் சத்தம் புதிதில்லை. ஆனால் பெண் என்பதற்காகவே, தன் வாழ்க்கையைத் தானே நடத்தப் படித்தாள் என்பதற்காகவே கொல்லப்பட முடியும் என்பதை இந்த அமைதியான ஊரில் வைத்து அறிந்தோம். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் கட்டடத்துப் பெண்கள் யாரும் தனியாக வெளியே போகவில்லை.

இனி, 'எழுதுங்கோ' என்று சொன்ன அந்தப் பெண்ணின் கதை. 1990 இலையுதிர் காலம். மேல்மாடியில் இருந்தவர். மூன்று வயது நிரம்பாத மகளை அம்மாவிடம் யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார். ஏஜென்சிக்குக் கட்ட இருந்த காசு இரண்டு பேருக்குத்தான் போதும் என்பதால் விட்டது. அவர் பக்ரறியில் நூல் வெட்டினார். கணவர் இரவில் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். கேஸ் முடியவில்லை. கேஸ் முடிந்தால்தான் ஸ்பொன்சர், ஸ்பொன்சர் வந்தால்தான் மகள். அந்த ஆனியில் ஊரில் மறுபடி சண்டை தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிக் குண்டு விழுந்தது. மின்சாரம் நின்றது, தொலைபேசி நின்றது. மகள் உயிரோடு இருக்கிறாளா என்பது கொழும்பு லொட்ஜில் இருக்கும் யாரோ ஒருவர் சொல்லித்தான் தெரியவேண்டும்.

அந்த நேரத்தில் நாள் தள்ளிப் போனது.

"இஞ்ச ஒண்டைப் பெத்தா நான் வேலைக்குப் போகேலாது அக்கா. வேலைக்குப் போகாட்டி கடன் நிக்கும். கடன் நிண்டா அவளை எப்ப எடுக்கிறது?" என்றார். "அங்க ஒண்டு பங்கருக்குள்ள இருக்க, இஞ்ச நான் தொட்டில் வாங்கட்டே?"

ஒட்டாவாவில் அப்போது சீ-43 என்ற மசோதா நடந்துகொண்டிருந்தது. பெண்ணின் உடல்நலத்துக்கு ஆபத்து என்று டொக்டர் கருதினால் தவிரக் கருக்கலைப்பு மறுபடி குற்றம், இரண்டு ஆண்டுவரை சிறை. 1990 மே 29 ஆம் திகதி கீழ்ச்சபையில் 140க்கு 131 என்று நிறைவேறியிருந்தது. செனற் இன்னும் வாக்களிக்கவில்லை. நாட்டின் சில இடங்களில் டொக்டர்கள் பயந்து கையை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மேல்மாடிப் பெண்ணுக்கு இது எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது, அதனால் நாளைக் கடத்தப் பயந்தேன்.

யார் சொன்னார்களோ, மச்சாளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு பின்னேரம் அவர் மேல்மாடிக்குப் போய்விட்டு என்னிடம் வந்தார். "நான் கேட்டிட்டன்," என்றார். "பெத்து உன்னட்டத் தரச்சொல்லிக் கேட்டனான்." எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. நான் அதை ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் அந்த எண்ணம் எனக்குள் வந்து போகவில்லை என்று சொன்னால் பொய். மேலே ஓடினேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். கோவிக்கவில்லை. என்னை இருத்திவிட்டுச் சொன்னார்:

"அக்கா, உங்களுக்குத் தாறதெண்டா வேற ஆருக்குக் குடுக்கிறதை விடச் சந்தோஷமாக் குடுப்பன். ஆனா ஒண்டை விட்டிட்டு வந்து நான் படுற பாடு உங்களுக்குத் தெரியும். ராத்திரி பால் கட்டின மாதிரி நெஞ்சு நோகுது. இன்னொண்டையும் பெத்து, கீழ்வீட்டில அது அழுறதைக் கேட்டுக்கொண்டு, மேல் வீட்டில நான் எப்பிடிச் சோறு தின்னுறது?"

பெற்றுத் தத்துக் கொடுக்கலாமே என்று சொல்கிறவர்களைப் பிறகு பல இடங்களில் கேட்டிருக்கிறேன். நல்ல மனதோடு சொல்கிறவர்களும் அவர்களில் உண்டு. பிள்ளை இல்லாத என்னை விட அந்த வழி யாருக்கு இனித்திருக்கும்? ஆனால் ஒன்பது மாதம் சுமந்து, பெற்று, முகம் பார்த்து, கையை விடுவது ஏதோ இடையில் உள்ள சுலபமான வழி என்று அந்தப் பெண்ணின் முன்னால் இருந்தவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கிளினிக்கில் நேர்ஸ் ஒருத்தி எங்களை ஒரு சின்ன அறையில் இருத்தினார். கணவர் வெளியே. காரணம் என்ன என்று அவர் கேட்கவில்லை. இங்கே அதைக் கேட்பது கட்டாயம் இல்லை. கேட்டது ஒன்றுதான்: இது உங்கள் முடிவா, யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா? நான் தமிழில் சொன்னேன். மேல்மாடிப் பெண் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, "ஆக்கள் ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லுங்கோ அக்கா," என்றார்.

அதை அப்படியே சொன்னேன். நேர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். வேண்டுமானால் இன்னொரு நாள் வரலாம், அவசரம் இல்லை, உதவிகள் என்னென்ன உண்டு என்று பார்க்கலாம் என்றார். சமூக சேவையாளரைக் கூப்பிட்டார். வந்தவர் பொறுமையாக எல்லாம் சொன்னார்: வெல்பெயார், பால்மா, உடுப்பு. மகளை எப்போது எடுக்கலாம் என்று மேல்மாடிப் பெண் கேட்டார். அதற்கு அந்த அறையில் யாரிடமும் பதில் இருக்கவில்லை.

கருக்கலைப்பு பற்றி இரண்டு பக்கத்தாரும் பேசும்போது எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வரும். 'அது பெண்ணின் சுதந்திரமான தெரிவு' என்று ஒரு பக்கம் சொல்கிறது. மேல்மாடிப் பெண் சுதந்திரமாக இருக்கவில்லை. போர் ஒரு கையைப் பிடித்திருந்தது, கடன் மற்றக் கையை. 'அப்படியானால் அது அவளுடைய உண்மையான விருப்பம் இல்லை, தடுப்பதே நல்லது' என்று மறுபக்கம் சொல்கிறது. தடுத்திருந்தால் போர் நின்றிருக்குமா, கடன் தீர்ந்திருக்குமா, மகள் வந்திருப்பாளா? அவரிடம் மிஞ்சி இருந்த ஒரே முடிவையும் பறித்திருப்பார்கள், அவ்வளவுதான். எந்தப் பெண்ணும் வெறுமையான வெளியில் நின்று முடிவெடுப்பதில்லை. பிள்ளை பெறுவதென்று எடுக்கும் முடிவும் அப்படித்தான். கட்டுகளோடு நிற்கும் ஒருத்தியின் முடிவுக்கும் மதிப்பு உண்டு. கட்டுகளை அவிழ்க்க நினைப்பவர்கள் கட்டுகளில் கை வைக்கட்டும்.

1991 ஜனவரி 31 அன்று சீ-43 மசோதா மீதான வாக்கெடுப்பில் செனற் 43க்கு 43 என்று பிரிந்தது. சமநிலை என்றால் மசோதா தோல்வி. பற் கார்னி என்ற ஆளும் கட்சிச் செனற்றரே எதிர்த்து வாக்களித்திருந்தார். அன்றிலிருந்து இன்றுவரை கனடாவில் கருக்கலைப்புக்கு என்று தனியாகக் குற்றவியல் சட்டம் கிடையாது. சட்டம் இல்லாவிட்டால் பெண்கள் கட்டறுந்து போவார்கள் என்று அப்போது பலர் எச்சரித்தார்கள். நான் கூடப் போனவர்களில் விளையாட்டாக வந்தவள் ஒருத்தியும் இல்லை. சிலர் அழுதார்கள், சிலர் அழவில்லை. சிலர் வெளியே வந்ததும் பசிக்குது என்றார்கள். அழாதவளுக்கு மனச்சாட்சி இல்லை என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

காரணம் சொல்லாதவர்களும் உண்டு. ஊரில் போர் முடிந்த 2009 க்குப் பிறகு வந்த ஒருத்தி, அங்கே முகாமிலிருந்து வெளியேறிச் சில வாரங்களில் இங்கே வந்தவள், பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஒரு சொல் பேசவில்லை. நேர்ஸும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் ஊரில் இருந்திருந்தால்? 1883 ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவை தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே கருக்கலைப்பை விடுகிறது. வன்புணர்ச்சியால் வந்த கருவுக்கும் விலக்கு இல்லை. 1995 இல் அதைத் திருத்த எடுத்த முயற்சி நாடாளுமன்றத்தோடு நின்றது. 2017 இல் மறுபடி பேச்சு வந்தபோது கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள், மற்றச் சமயத் தலைவர்களும் எதிர்த்தார்கள், அதுவும் நின்றது. என் திருச்சபையை நான் விட்டுப் போகவில்லை. ஆனால் அந்த எதிர்ப்பை எழுதியவர்களில் ஒருவராவது அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் பஸ்ஸில் இருந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

காசுக்காகப் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். தனியார் கிளினிக்குகளில் அரசு காப்புறுதிக்கு மேலதிகமாக நூற்றுக்கணக்கில் டொலர் கேட்டார்கள். ஒருத்தி சீட்டை முன்கூட்டி எடுத்து, நகைக்கு என்று சொல்லி அந்தக் காசைக் கட்டினாள். பெண்கள் அமைப்பொன்று தொடுத்த கூட்டு வழக்கில், 1999 முதல் 2005 வரை அப்படிக் கட்டிய 45,000 வரையான பெண்களுக்கு 1 கோடியே 30 லட்சம் டொலர் திருப்பிக் கொடுக்கும்படி 2006 இல் கியூபெக் அரசுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. தன் பங்கைக் கேட்டு அவள் விண்ணப்பிக்கவில்லை. வீட்டுக்குக் கடிதம் வரும் என்ற பயம்.

என்னை மிகவும் அலைக்கழித்தது வேறொன்று. இரண்டு பெண் பிள்ளைகளின் தாய், வவுனியாவிலிருந்து கலியாணமாகி வந்தவள். மூன்றாவதும் பெண் என்று ஸ்கானில் தெரிந்ததும் கணவனும் மாமியும் நாளைக் குறித்துவிட்டார்கள். "எங்கட ஆக்களிட்ட இந்தப் பழக்கம் இல்லை" என்று நாங்கள் பெருமையாகச் சொல்வோம். வட இந்தியாவைக் காட்டுவோம், உசிலம்பட்டியைக் காட்டுவோம். சீதனக் கணக்குப் பார்க்கிற எந்த வீட்டிலும் மூன்றாவது பெண் பாரம்தான் என்பதை மறைப்போம். 2012 ஜனவரியில் கனேடிய மருத்துவச் சங்கச் சஞ்சிகையின் ஆசிரியர் ராஜேந்திர காலே, ஆசியக் குடியேறிகளிடையே பெண் கருக்கள் அழிக்கப்படுவதால் 30 வாரம் வரை பாலினத்தைச் சொல்லாமல் விடலாம் என்று எழுதியபோது எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்தது. எனக்கு அவளுடைய முகம் வந்தது.

அவளோடு போன அன்று, இப்படியான காரணத்தையாவது சட்டம் தடுக்கக்கூடாதா என்று என் மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. கிளினிக்கில் வழக்கம்போல அவளைத் தனியே கூப்பிட்டார்கள், கணவன் வெளியே. அதே கேள்வி: இது உங்கள் முடிவா? அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, நான் இல்லை எண்டு சொன்னா என்ன செய்வினம்?" கேட்டுச் சொன்னேன். ஒன்றும் செய்ய மாட்டோம், நீங்கள் வீட்டுக்குப் போகலாம், வீட்டில் பயம் என்றால் அதற்கும் இடம் இருக்கிறது என்றார்கள். அவள் எழுந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "அப்ப நான் போறன்."

குழந்தை பிறந்தது. ஒரு காலம் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. இப்போது மாமி அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் விக்ரோரியா அவென்யூக் கடைக்கு வருகிறார்.

காரணங்களை விசாரித்து அனுமதிக்கும் சட்டம் இருந்திருந்தால், கணவன் சொல்லிக்கொடுத்த வேறொரு காரணத்தை அவள் ஒப்புவித்திருப்பாள். 1969 இன் டொக்டர் குழுக்களுக்கு முன்னால் பெண்கள் அப்படித்தான் ஒப்புவித்தார்கள். அவளைக் காப்பாற்றியது கதவைச் சாத்திவிட்டு அவளிடம் மட்டும் கேட்ட ஒருத்தி. வேண்டாம் என்று சொன்னவளையும் வேண்டும் என்று சொன்னவளையும் ஒரே மரியாதையோடு நடத்திய அந்த அறையில் நான் இருந்தேன். அதனால்தான் இந்த விஷயத்தில் நான் இந்தப் பக்கம் நிற்கிறேன்.

2016 நவம்பரில், கருக்கலைப்புப் பாவத்துக்கு எல்லாக் குருக்களும் மன்னிப்பு வழங்கலாம் என்ற அனுமதியைப் பாப்பரசர் பிரான்சிஸ் நிரந்தரமாக்கினார். செய்தி வந்த கிழமை, எண்பது வயது தாண்டிய ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டார். அவருடைய தங்கை ஊரில், அறுபதுகளில், மருத்துவிச்சி ஒருத்தி செய்த வேலையில் இரத்தம் போய்ச் செத்தவள். வீட்டில் காய்ச்சல் என்று சொல்லி அடக்கம் செய்தார்கள். "செத்தவளுக்கும் அந்த மன்னிப்புச் சேருமோ பிள்ளை?" என்று கேட்டார். நான் குருவானவர் இல்லை. சேரும் என்று சொன்னேன். அவளை அந்த மருத்துவிச்சியிடம் அனுப்பியவர்களுக்கு யார் மன்னிப்புக் கொடுப்பது என்று கேட்க நினைத்து, அவருடைய கையைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டேன்.

இப்போது என்னை அதிகம் யாரும் கூப்பிடுவதில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு. 14 வயதிலிருந்து தங்கள் சிகிச்சைக்குத் தாங்களே ஒப்புதல் கொடுக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். மாத்திரை வந்துவிட்டது, கிளினிக் வளவிலிருந்து 50 மீற்றருக்குள் எதிர்ப்பாளர்கள் நிற்கக்கூடாது என்று 2016 இல் சட்டமும் வந்துவிட்டது. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பு உரிமையைத் தந்த பழைய ரோ தீர்ப்பைத் தூக்கி எறிந்த கிழமையில் மட்டும் பழைய ஆட்கள் சிலர் தொலைபேசி எடுத்தார்கள். இங்கேயும் மாறுமோ அக்கா என்று கேட்டார்கள். தங்களுக்கு இனித் தேவைப்படாத ஒன்றுக்காக, பேத்திகளை நினைத்துக் கேட்டார்கள்.

மேல்மாடிப் பெண்ணின் மகள் 1994 இல் வந்து சேர்ந்தாள். தாயை அடையாளம் தெரியாமல் விமான நிலையத்தில் என் பக்கம் வந்து நின்ற பிள்ளை. வளர்ந்து நேர்ஸ் ஆனாள். சில ஆண்டுகளுக்கு முன், தன் முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது, ஒரு ஞாயிறு என்னைப் பார்க்க வந்தாள். தாய் அவளுக்கு எல்லாம் சொல்லிவிட்டார்.

"அன்ரி, அம்மா எனக்காகத்தானே அப்பிடிச் செய்தவ?"

"உன்னை எடுக்க வேணும் எண்டு சொன்னவ. ஆனா முடிவு அவவின்ரை. அதை உன்ரை கணக்கில எழுதாதை."

அவள் வயிற்றில் கை வைத்தபடி இருந்தாள். பிறகு, "உங்களுக்கு அம்மாவில கோவம் வரேல்லையா? உங்களுக்குப் பிள்ளை இல்லாத நேரம்."

"கோவம் வரேல்லை. அண்டைக்கு ராத்திரி அழுதனான். எனக்காக அழுதனான், கொம்மாவுக்காக இல்லை. விடிய எழும்பி, பிள்ளை பெத்தவைக்குக் குடுக்கிற சரக்கு அரைச்சு, மீன் காய்ச்சி, சோறும் கொண்டு மேல போனனான்."

"தெரியும்," என்றாள். "அம்மா கதையைத் தொடங்கினதே அந்தச் சரக்குக் கறியிலதான்."